கையைத் தட்டிவிட்டால் நோய் போகாது!

"முகத்தில் கை வைக்காதே!"

வயதுப் பிள்ளைகள் உள்ள வீட்டில் இந்தச் சத்தம் கேட்காத நாள் உண்டா?

அம்மா சொல்கிறாள். பாட்டி சொல்கிறாள். பத்திரிகை படித்துக்கொண்டு இருக்கும் அப்பாவும் தலையைத் தூக்கி ஒரு தடவை சொல்கிறார். மகள் கையை எடுத்து மடியில் வைத்துக்கொள்கிறாள். ஐந்து நிமிடம் போகிறது. கை மறுபடியும் முகத்துக்கு வந்துவிடுகிறது.

பல வீடுகளில் இது சாதாரணப் பழக்கம். பரு வரும். பிள்ளை கிள்ளும். நாலு வருடத்தில் பருவும் போகும், கிள்ளுவதும் போகும். அதற்காக யாரும் கவலைப்பட வேண்டாம்.

சில வீடுகளில் அப்படிப் போவது இல்லை. பரு போன பிறகும் கை நிற்பது இல்லை. நல்ல தோலையே கிள்ளும். ரத்தம் வரும். புண் ஆறிப் பொருக்குக் கட்டும். அந்தப் பொருக்கையும் கை பிய்த்துவிடும். மறுபடியும் ரத்தம். இப்படியே மாதம் போகும். வருடம் போகும்.

அந்த வீடுகளுக்காகத்தான் இன்று இதை எழுதுகிறோம்.

இது ஒரு நோய். மருத்துவ நூல்களில் இதற்குப் பெயர் இருக்கிறது. சிகிச்சையும் இருக்கிறது. இது தெரியாததால் நோயாளிக்கு வீட்டில் கிடைப்பது திட்டு மட்டுமே.

கண்ணாடி முன்னால் ஒரு மணி நேரம்

ஒரு பெண்ணை நினைத்துக்கொள்ளுங்கள். வயது 19. கல்லூரியில் இரண்டாம் ஆண்டு. நாளைக்குப் பரீட்சை.

இடது கையில் புத்தகம். வலது கை சும்மா இருக்கிறது. அது தாடைப் பக்கம் போகிறது. விரல் நுனிக்கு ஒரு சிறு மேடு தட்டுப்படுகிறது. மனம் புத்தகத்தில் இருக்கிறது. கை தன் வேலையைச் செய்கிறது. மூன்று பக்கம் புரட்டுவதற்குள் நகத்தில் ரத்தம். அப்போதுதான் அவளுக்கே தெரிகிறது.

இது ஒரு வகை. தெரியாமல் கிள்ளுவது.

இன்னொரு வகை தெரிந்தே கிள்ளுவது. முகம் கழுவப் போகிறாள். கண்ணாடியில் பார்க்கிறாள். "இந்த ஒன்றை மட்டும் எடுத்துவிடலாம்" என்று நினைக்கிறாள். ஒன்று இரண்டு ஆகிறது. இரண்டு பத்து ஆகிறது. கால் வலிக்கிறது. ஒரு மணி நேரம் போய்விட்டது. "உள்ளே என்னடி பண்ணுகிறாய்?" என்று அம்மா கதவைத் தட்டுகிறாள்.

அந்த ஒரு மணி நேரமும் அவள் மனம் அமைதியாக இருந்தது. பரீட்சை இல்லை. கட்ட வேண்டிய பணம் இல்லை. தோழி சொன்ன சுடுசொல் இல்லை. கையை எடுத்தவுடன் எல்லாம் திரும்பி வந்துவிட்டன. கூடவே வெட்கமும் வந்துவிட்டது.

வெளியே வரும்போது முகத்தில் பவுடர் கூடுதலாக இருக்கும். சித்திரை வெயிலிலும் முழுக்கைச் சட்டை போடுவாள். அத்தை மகள் கல்யாணத்துக்கு வரமாட்டாள். தலைவலி என்பாள். போட்டோ எடுத்தால் பின்னால் போய் நின்றுகொள்வாள்.

"திமிர்" என்று உறவினர் சொல்வார்கள். அது திமிர் அல்ல. முகத்தை யாராவது உற்றுப் பார்ப்பார்களோ என்ற பயம்.

பையன்களுக்கு இது இல்லையா? உண்டு. நகக்கண் ஓரத்துத் தோல், உதடு, தலை, முதுகு என்று அவர்கள் கையும் தேடிப் போகும். சிகிச்சைக்கு வருபவர்களில் பெண்களே அதிகம். ஆண் பிள்ளையின் முகத்தை நம் ஊரில் யார் அவ்வளவு உற்றுப் பார்க்கிறார்கள்? அவன் ஐந்து வருடம் மறைத்தாலும் வீட்டுக்குத் தெரியாது.

பழக்கமா, நோயா?

எல்லோரும்தான் கிள்ளுகிறோம். கொசுக் கடித்த இடத்தைச் சொறிகிறோம். காய்ந்த பொருக்கைப் பிய்க்கிறோம். அது எல்லாம் நோய் ஆகிவிடுமா?

ஆகாது. டாக்டர்கள் வேறு கணக்கு வைத்திருக்கிறார்கள். திரும்பத் திரும்பக் கிள்ளிப் புண் ஆகிறதா? நிறுத்த வேண்டும் என்று பல தடவை முயன்றும் முடியவில்லையா? அதனால் மனம் வேதனைப்படுகிறதா, அல்லது படிப்பும் வேலையும் கெடுகின்றனவா? மூன்றுக்கும் "ஆமாம்" என்றால் அது பழக்கத்தைத் தாண்டிவிட்டது.

இன்னொன்றையும் பார்க்க வேண்டும். சொறி சிரங்கு, கரப்பான் போன்ற தோல் நோய்களிலும் அரிப்பு எடுக்கும். சில போதைப் பொருள்களும் தோலைப் பிய்க்கச் செய்யும். ஆகவே முதலில் தோல் டாக்டரிடம் காட்டி, தோலிலேயே வேறு நோய் இருக்கிறதா என்று தெரிந்துகொள்வது நல்லது.

எத்தனை பேருக்கு இது வருகிறது? அமெரிக்க மனநல டாக்டர்கள் சங்கம் 2013-ல் வெளியிட்ட நூலில் ஒரு கணக்கு இருக்கிறது. வயது வந்தவர்களில் 100-க்கு 1.4 பேர், அல்லது அதற்குச் சற்று மேல். நம் ஊரிலும் அதே அளவுதான் என்று வைத்துக்கொள்வோம். 2,000 பேர் படிக்கும் ஒரு கல்லூரியில் 28 பிள்ளைகள். ஒவ்வொரு பிள்ளையும் "உலகத்தில் எனக்கு மட்டும்தான் இந்தக் கேடு" என்று நினைத்துக்கொண்டு இருக்கும்.

138 வருடம் ஆயிற்று!

இது இன்று முளைத்த நோய் அல்ல. செல்போன் வந்து கெடுத்தது என்று சிலர் சொல்லக்கூடும். அதுவும் சரி அல்ல.

1875-ஆம் ஆண்டு, லண்டனில் எராஸ்மஸ் வில்சன் என்ற தோல் டாக்டர் இதைப் பற்றி எழுதினார். தோலில் நோய் இல்லை. நோயாளியின் கையே புண்ணை உண்டாக்குகிறது. காரணம் மனத்தில் இருக்கிறது என்று கண்டவர் அவர். (எகிப்து நாட்டின் பழைய கல் தூண் ஒன்று இன்று லண்டனில் தேம்ஸ் ஆற்றங்கரையில் நிற்கிறது. அதைக் கப்பலில் கொண்டுவரச் சொந்தப் பணத்தைக் கொடுத்த செல்வந்தரும் இவர்தான்!)

1898-ல் பிரான்சு நாட்டு டாக்டர் லூயி புரோக் இன்னொரு விவரம் எழுதினார். இளம் பெண்கள் முகப்பருவை ஓயாமல் கிள்ளிக் கிள்ளிப் புண் ஆக்கிக்கொள்வதைப் பற்றியது அது. அந்த நோய்க்கு அவர் வைத்த பெயரிலேயே "இளம் பெண்கள்" என்ற சொல் இருக்கிறது. பாரீஸ் பெண்ணுக்கு அன்று இருந்த துன்பம்தான், மதுரைப் பெண்ணுக்கும் திருநெல்வேலிப் பெண்ணுக்கும் இன்று இருக்கிறது.

ஆனால் இது தனி நோய் என்று அமெரிக்க மனநல நூலில் இடம் பெற்றது 2013-ல்தான். வில்சன் எழுதி 138 வருடம் ஆன பிறகு! உலகச் சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலிலும் இப்போது இது இருக்கிறது. அந்தப் பட்டியல் 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது.

மருத்துவ உலகத்துக்கே இவ்வளவு காலம் பிடித்தது. ஆகவே "எங்களுக்குத் தெரியாமல் போய்விட்டதே" என்று எந்தத் தாயும் வருந்த வேண்டியது இல்லை. இனிமேல் தெரிந்துகொண்டால் போதும்.

எலிக்குமா மன உறுதி இல்லை?

"கொஞ்சம் மன உறுதி வேண்டும். நினைத்தால் நிறுத்தலாம்." பெரியவர்கள் இப்படித்தான் சொல்கிறார்கள்.

அவர்களுக்கு ஓர் எலிக் கதை சொல்லுகிறோம். கட்டுக்கதை அல்ல, நடந்தது.

அமெரிக்காவில் மரியோ கபெக்கி என்று ஒரு விஞ்ஞானி. 2007-ல் மருத்துவத்துக்கான நோபல் பரிசு பெற்றவர்களில் ஒருவர். அவரது ஆராய்ச்சிக் கூடத்தில் சில எலிகளின் உடம்பில் ஒரே ஒரு மரபணுவை வேலை செய்யாமல் ஆக்கினார்கள். என்ன நடந்தது தெரியுமா?

எலிகள் எப்போதும் தங்கள் ரோமத்தை நக்கிச் சுத்தம் செய்யும். இந்த எலிகளும் அதையே செய்தன. ஆனால் நிறுத்தவில்லை! ரோமம் உதிரும் வரை நக்கின. தோல் புண் ஆகும் வரை கடித்தன. கூட்டில் கூட இருந்த எலியின் ரோமத்தையும் விடவில்லை. 2002-ல் இந்தச் செய்தி வெளிவந்தது.

கூண்டில் தனியாக அடைபட்ட கிளி தன் இறகைத் தானே பிடுங்கிக்கொள்வதைப் பறவை வளர்ப்பவர்கள் அறிவார்கள். நாய் தன் காலை ஓயாமல் நக்கிப் புண் ஆக்குவதைக் கால்நடை டாக்டர்கள் அறிவார்கள்.

உடம்பைச் சுத்தம் செய்வது உயிர்களுக்கு இயற்கை. "போதும், நிறுத்து" என்று சொல்வது மூளையின் வேலை. மனிதனுடைய நோயும் எலியின் நோயும் ஒன்றே என்று நாம் சொல்லவில்லை. ஆனால் "போதும்" என்ற கட்டளை சரியாகப் போய்ச் சேராவிட்டால், வெறும் உறுதியால் மட்டும் அதைச் சரிசெய்ய முடியாது. கிட்டப்பார்வைக்காரனை "நன்றாக முறைத்துப் பார்" என்று அதட்டினால் எழுத்து தெரியுமா?

இது சில குடும்பங்களில் தொடர்ந்து வருவதும் உண்டு. மகளைத் திட்டும் அம்மாவின் நகங்களை ஒரு தடவை பாருங்கள். கடித்துக் கடித்துத் தேய்ந்து போயிருக்கலாம்!

ஏன் இந்த வயதில் தொடங்குகிறது? பரு வருவது இந்த வயதில். கைக்குக் "கிள்ள ஒன்று" கிடைக்கிறது. பன்னிரண்டாம் வகுப்புப் பரீட்சை, கல்லூரி, விடுதி, வேலை, கல்யாணப் பேச்சு எல்லாம் வருவதும் இந்த வயதில்தான். மனத்துக்கு ஒரு போக்கிடம் வேண்டும். கை அதைக் காட்டிக்கொடுத்துவிடுகிறது.

திட்டினால் என்ன ஆகிறது?

நாம் இன்று முக்கியமாகச் சொல்ல வந்தது இதுதான்.

மன வேதனை வந்தால் கை தோலுக்குப் போகிறது. தோல் புண் ஆகிறது. வீட்டார் திட்டுகிறார்கள். அதனால் மன வேதனை கூடுகிறது. மறுபடியும் கை தோலுக்குப் போகிறது.

சக்கரம் எங்கே சுற்றுகிறது, பார்த்தீர்களா? நோயை நிறுத்தும் என்று நினைத்துச் சொல்லும் சொல்லே நோயை ஓட்டுகிறது.

கையைத் தட்டிவிடும் அம்மாவுக்குப் பிள்ளை மேல் ஆசை இல்லை என்று யாராவது சொல்ல முடியுமா? ஆசை இருப்பதால்தான் தட்டுகிறாள். ஆனால் அடுத்த தடவை பிள்ளை அம்மா எதிரில் கிள்ளாது. கதவைச் சாத்திக்கொண்டு கிள்ளும். வெளியில் கிள்ளினால் ஐந்து நிமிடம். உள்ளே போனால் ஒரு மணி நேரம்.

எல்லாவற்றிலும் கொடியது ஒரு பேச்சு இருக்கிறது. "இந்த மூஞ்சியை எவன் வந்து பார்ப்பான்?" என்பது. பெண் பார்க்க வரும் தேதியைச் சொல்லி மிரட்டுகிறார்கள். தேதி நெருங்க நெருங்கப் பயம் கூடுகிறது. பயம் கூடக் கூட விரல் ஓடுகிறது. பெண் பார்க்க வரும் நாளில் முகம் முன்னைவிட மோசமாக இருக்கிறது. குற்றவாளி யார்? பெண்தான் என்று வீடு தீர்ப்புச் சொல்கிறது. நமக்கு அந்தத் தீர்ப்பில் சம்மதம் இல்லை.

இன்னும் சில வீடுகளில் கடைக்கு ஓடுகிறார்கள். பக்கத்து வீட்டுக்காரி சொன்ன களிம்பு, கடைக்காரர் கொடுத்த களிம்பு என்று வாங்கித் தடவுகிறார்கள். முகத்தை வெளுப்பாக்கும் என்று சொல்லி விற்கும் சில களிம்புகளில் ஸ்டீராய்டு மருந்து இருக்கும். முதல் வாரம் முகம் பளபளக்கும். நாள் ஆக ஆகத் தோல் மெலியும். பரு கூடும். டாக்டர் சீட்டு இல்லாமல் இவற்றை விற்கக் கூடாது என்று 2018-ல் மத்திய அரசு விதியைக் கடுமையாக்கியது. கேட்டால் கொடுக்கும் கடைகள் இருக்கத்தான் செய்கின்றன. நீங்கள் கேட்காதீர்கள்.

"கீழ்ப்பாக்கமா?"

தோல் டாக்டர் பார்க்கிறார். "தோலில் நோய் இல்லை. மனநல டாக்டரைப் பாருங்கள்" என்கிறார். வீட்டில் இடி விழுந்தது போல ஆகிவிடுகிறது.

"என்ன! என் பெண்ணைக் கீழ்ப்பாக்கத்துக்கு அனுப்பச் சொல்கிறாரா?"

கீழ்ப்பாக்கம் என்பது சென்னையில் ஒரு பேட்டை. அங்கே அரசு மனநல ஆஸ்பத்திரி இருக்கிறது. 1794-ல் சென்னையில் தொடங்கிய நிலையத்தின் வழி வந்தது அது. இந்தியாவின் மிகப் பழைய மனநல நிலையங்களில் ஒன்று. 200 வருடத்துக்கு மேல் மக்களுக்குத் தொண்டு செய்த ஓர் இடத்தின் பெயரைச் சினிமாவிலும் தெருப் பேச்சிலும் நாம் வசைச் சொல் ஆக்கிவிட்டோம். அந்தக் கேலிக்கு நாம் கொடுக்கும் விலை என்ன? டாக்டரிடம் போக வேண்டியவர் போகாமல் இருக்கிறார்.

பெங்களூர் நிம்ஹான்ஸ் நிலையம் 2015-16-ல் இந்தியாவின் 12 மாநிலங்களில் மனநலக் கணக்கு எடுத்தது. தமிழ்நாடும் அதில் ஒன்று. வயது வந்தவர்களில் 100-க்கு 10 பேருக்கு மேல் ஏதாவது ஒரு மனநலக் குறை இருந்தது. அவர்களில் மிகப் பெரும்பாலோர் சிகிச்சையே பெறவில்லை. பல நோய்களில், 100 நோயாளிகள் இருந்தால் 70 பேருக்கு மேல் சிகிச்சை இல்லை!

மனநல டாக்டரைப் பார்ப்பது என்றால் ஆஸ்பத்திரியில் போட்டுப் பூட்டுவது அல்ல. சீட்டு வாங்குகிறோம். உட்காருகிறோம். டாக்டர் பேசுகிறார். அன்றே வீட்டுக்கு வருகிறோம். காய்ச்சலுக்குப் போய் வருவது போலத்தான். கீழ்ப்பாக்கத்திலும் அப்படித் தினமும் வந்து போகிறவர்கள் இருக்கிறார்கள். மனநலச் சிகிச்சைக்கான புதிய சட்டம் 2017-ல் நிறைவேறி, 2018 மே மாதம் நடைமுறைக்கு வந்தது. நோயாளியின் விவரத்தை ரகசியமாக வைக்க வேண்டும் என்று அந்தச் சட்டம் சொல்கிறது. சம்பந்தி வீட்டுக்குத் தெரிந்துவிடும் என்று பயந்து பிள்ளையை வீட்டிலேயே வைத்திருக்க வேண்டாம்.

என்ன சிகிச்சை?

கேட்டால் "இவ்வளவுதானா?" என்று தோன்றும். ஆனால் பலன் தருவது.

அமெரிக்க மனநல அறிஞர்கள் நாதன் அஸ்ரினும் கிரிகரி நன்னும் 1973-ல் ஒரு முறையை வெளியிட்டார்கள். பழக்கத்தைத் திருப்பிவிடும் பயிற்சி என்று அதைச் சொல்லலாம்.

முதலில் கை எப்போது போகிறது என்று கவனிக்க வேண்டும். ஒரு சிறு நோட்டில் குறிக்க வேண்டும். "ராத்திரி 10 மணி. படிக்கும்போது. தாடை." "காலை. குளியலறைக் கண்ணாடி. அம்மாவோடு சண்டை போட்ட பிறகு." ஒரு வாரம் எழுதினால் நோயின் பாதை தெரிந்துவிடும். தெரியாமல் கிள்ளியவளுக்குக் கை கிளம்பும்போதே தெரிய ஆரம்பிக்கும். பாதி வேலை இதுதான்.

அடுத்தது, கிளம்பிய கைக்கு வேறு வேலை கொடுப்பது. விரல்களை மடக்கி முஷ்டியாகப் பிடித்துக்கொள்ள வேண்டும். ஒரு நிமிடம், இரண்டு நிமிடம் அப்படியே இருக்க வேண்டும். முஷ்டி பிடித்த கை கிள்ள முடியாது அல்லவா? ஆசை அலை போல எழும். கொஞ்ச நேரம் நின்று, தானாகவே அடங்கும். ஒரு தடவை அடங்கியதைப் பார்த்த பிள்ளைக்கு நம்பிக்கை வந்துவிடும்.

மூன்றாவது, கைக்கு வசதி செய்துகொடுக்கும் பொருள்களை மாற்றுவது. நகத்தை ஒட்ட வெட்டலாம். குளியலறை விளக்கின் வெளிச்சத்தைக் குறைக்கலாம். முகத்தைப் பெரிதாகக் காட்டும் கண்ணாடியைத் தூக்கி எறியலாம். புண்ணின் மேல் பிளாஸ்திரி ஒட்டலாம். படிக்கும்போது கையுறை போட்டுக்கொள்கிறவர்களும் உண்டு.

இதைப் பழக்கிவிடும் மனநல ஆலோசகர் கிடைத்தால் மிகவும் நல்லது. சில மாதம் பிடிக்கும். நடுவில் ஒரு நாள் பழையபடி கிள்ளிவிட்டால், எல்லாம் போயிற்று என்று அழ வேண்டாம். சைக்கிள் பழகும்போது விழாதவர் யார்?

மருந்து உண்டா? சிலருக்கு மனச்சோர்வும் படபடப்பும் கூட இருக்கும். அதற்கு டாக்டர் மாத்திரை கொடுப்பார். கிள்ளுவதற்கு என்றே ஒரு மருந்தைச் சோதித்தும் பார்த்திருக்கிறார்கள். பெயர் என்-அசிட்டைல் சிஸ்டீன். சளியைக் கரைக்கவும், பாராசிட்டமால் மாத்திரையை அளவு மீறி விழுங்கியவர்களைக் காப்பாற்றவும் டாக்டர்கள் பயன்படுத்தும் பழைய மருந்துதான். 2016-ல் அமெரிக்காவில் 66 பேரை வைத்து 12 வாரம் சோதித்தார்கள். மருந்து சாப்பிட்டவர்களில் 100-க்கு 47 பேர் நல்ல குணம் கண்டார்கள். வெறும் மாவு மாத்திரை சாப்பிட்டவர்களில் 100-க்கு 19 பேர். நல்ல செய்திதான். ஆனால் இது சிறிய சோதனை. கடைக்குப் போய் நீங்களே வாங்கிச் சாப்பிடக் கூடாது. யாருக்கு வேண்டும், எவ்வளவு வேண்டும் என்பது டாக்டர் சொல்ல வேண்டியது.

வீட்டில் என்ன செய்யலாம்?

முதலில் "கையை எடு" என்பதை ஒரு வாரம் நிறுத்திப் பாருங்கள். கஷ்டம்தான். நாக்கு நுனி வரை வரும். விழுங்கிவிடுங்கள்.

தினமும் காலையில் பிள்ளையின் முகத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்து "இன்றைக்கு எத்தனை?" என்று எண்ணாதீர்கள். விருந்தாளி முன்னால் இந்தப் பேச்சையே எடுக்காதீர்கள். தம்பி, தங்கை கேலி செய்தால் அடக்குங்கள்.

ஒரு நாள் தனியாக இருக்கும்போது கேளுங்கள். "இது உன்னுடைய தப்பு இல்லை அம்மா. இதற்கு வைத்தியம் இருக்கிறதாம். நான் என்ன செய்தால் உனக்கு உதவியாக இருக்கும்?" என்று கேளுங்கள். சில பிள்ளைகள் அழும். சில பிள்ளைகள் எழுந்து போய்விடும். போகட்டும். நாலு நாள் கழித்து அதுவே வந்து பேசும்.

கை கிளம்பும்போது நினைவூட்ட வேண்டும் என்று பிள்ளை கேட்டால் மட்டும் நினைவூட்டுங்கள். அதற்கும் ஒரு சைகை வைத்துக்கொள்ளுங்கள். ஒரு கனைப்பு போதும். ஊருக்குக் கேட்கும்படி கத்த வேண்டாம்.

கைக்கு வேலை வேண்டும். டெலிவிஷன் பார்க்கும்போது வேர்க்கடலை உரிக்கச் சொல்லலாம். பூக் கட்டச் சொல்லலாம். நம் பாட்டிமார் கை ஒரு நாளும் சும்மா இருந்தது இல்லை. பையன் என்றால் ரப்பர் பந்து ஒன்று கொடுங்கள். பூக் கட்டினாலும் தப்பு இல்லை!

ஒன்றை மட்டும் கவனமாகக் கேட்டுக்கொள்ளுங்கள். இந்த நோயில் கிள்ளுகிறவர்கள் தங்களைக் காயப்படுத்திக்கொள்ள வேண்டும் என்று கிள்ளுவது இல்லை. ஆனால் சில பிள்ளைகளுக்கு மனச்சோர்வும் சேர்ந்து வரும். சாப்பாடு குறைந்து, தூக்கம் கெட்டு, "நான் இருந்து என்ன" என்ற பேச்சு வந்தால் ஒரு நாளும் தாமதிக்காதீர்கள். அதே நாளில் டாக்டரிடம் அழைத்துப் போங்கள். பிள்ளையைத் தனியாக விடாதீர்கள்.

எங்கே போவது என்று தெரியாதவர்கள் 14416 என்ற எண்ணுக்குப் போன் செய்யலாம். 2022 அக்டோபர் 10-ந் தேதி மத்திய அரசு தொடங்கிய மனநல உதவி எண் இது. காசு இல்லை. பகலிலும் இரவிலும் பேசலாம். தமிழிலேயே பேசலாம். அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிகளில் மனநலப் பிரிவு இருக்கிறது.

கல்லூரிகளுக்கும் டாக்டர்களுக்கும்

வீட்டை மட்டும் குறை சொல்லி முடித்தால் நியாயம் இல்லை.

முகத்தில் புண்ணோடு வரும் இளம் பிள்ளையை முதலில் பார்ப்பது பெரும்பாலும் தோல் டாக்டர்தான். கூட்டம் அதிகம். களிம்பு எழுதிக் கொடுத்து அனுப்பிவிட நேரம் சரியாக இருக்கிறது. டாக்டர் அவர்களே, ஒரே ஒரு கேள்வி கூடுதலாகக் கேளுங்கள். "நீயே கிள்ளுகிறாயா அம்மா? நிறுத்த முடியவில்லையா?" அம்மாவைக் கொஞ்சம் வெளியே உட்காரச் சொல்லிவிட்டுக் கேளுங்கள். பிள்ளை பல வருடமாக யாரிடமும் சொல்லாததை அந்த அரை நிமிடத்தில் சொல்லக்கூடும்.

கல்லூரிகள் லட்சக்கணக்கில் செலவு செய்து விழா நடத்துகின்றன. வாரத்தில் இரண்டு நாளாவது ஒரு மனநல ஆலோசகரை உட்கார வைக்க முடியாதா? பெயர்ப் பலகையைக் கல்லூரி வாசலில் மாட்டி, போகிறவர் வருகிறவர் எல்லாம் பார்க்கும்படி வைத்தால் ஒரு பிள்ளையும் உள்ளே போகாது. நூலகத்துக்குப் பக்கத்தில் ஓர் அறை போதும். விடுதிகளில் நாலு பெண்கள் ஒரே அறையில் இருக்கிறார்கள். கண்ணாடி முன்னால் ஒருத்தி நெடுநேரம் நிற்பதை முதலில் பார்ப்பவள் அறைத் தோழிதான். கேலி செய்வதா, துணைக்குப் போவதா என்பதை அவளுக்கும் சொல்லிக்கொடுக்க வேண்டும்.

தழும்பு போகுமா?

இதைப் படித்த தாய்மார்கள் கடைசியில் கேட்கப்போகும் கேள்வி இதுதான் என்று நமக்குத் தெரியும்.

கிள்ளுவது நின்றால் சிறு புண்கள் சில வாரங்களில் ஆறிவிடும். சீழ் வைத்த புண், ஆறாத புண் என்றால் டாக்டரிடம் காட்ட வேண்டும். புண் ஆறிய இடத்தில் கறுப்பு விழும். நம் நிறத்துத் தோலில் அந்தக் கறுப்பு கொஞ்சம் அதிகமாகவே தெரியும். அது மறைய மாதக்கணக்கில் ஆகும். வெயில் பட்டால் இன்னும் நாள் பிடிக்கும். குடை பிடித்துப் போவது நல்லது. எலுமிச்சம்பழத்தைத் தேய்க்கிறேன், கல்லைத் தேய்க்கிறேன் என்று ஆரம்பித்தால் கறுப்பு கூடும்.

பள்ளம் விழுந்த தழும்பு தானாகப் போகாது. அதற்குத் தோல் டாக்டரிடம் தனிச் சிகிச்சை உண்டு. ஆனால் கை நின்று சில மாதமாவது ஆன பிறகுதான் அதைச் செய்துகொள்ள வேண்டும். அதற்கு முன்னால் பணம் செலவழித்தால், ஒரே ராத்திரியில் கண்ணாடி முன்னால் அத்தனையும் போய்விடும்.